தெரியவில்லை என்று சொல்லாத கண்ணாடி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று பயிற்சிப் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்தார். உற்சாகம் தருகிற மாதிரி இருக்க வேண்டுமாம். உற்சாகம் வேண்டுமென்றால் அவர் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இதே ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். எல்லோரும் நன்றாக இருக்கும் வரைக்கும் இந்த வேலையில் இருப்பவள் ஒரு தொந்தரவு. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், அதுவரை நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வி அவளிடம்தான் முதலில் வரும். இதில் உற்சாகத்துக்கு நான் எங்கே போவேன்?

ஆனாலும் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்திருக்கிறீர்கள், மீதிப் பேர் மெஷினைப் பார்த்தே இயக்குகிற அந்த மூக்குக் கண்ணாடியை இன்னும் மேம்படுத்த வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் இரண்டு தரப்புக்கும் ஜாஃபரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

நம் பிரஸ் ஷாப்பில் கார்களுக்கான தகட்டு உதிரிபாகங்களை அழுத்தி வளைக்கிற பிரஸ்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே பச்சை நிறம். கண்ணாடி வருவதற்கு முன்னால் ஒரு பிரஸ்ஸில் கை வைக்க வேண்டுமென்றால் அதன் மின்பெட்டிவரை நடந்து போய், சுவிட்சை இறக்கி, சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து, ஒருமுறை ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். மெஷின் அசையவில்லை என்றால்தான் கை உள்ளே போகலாம். இதற்கு ஆகும் நேரத்தைச் சொல்லிச் சொல்லி உற்பத்திப் பிரிவுக்காரர்கள் என் தலையைத் தின்பார்கள்.

அப்புறம் கண்ணாடி வந்தது. பார்த்திருப்பீர்கள், போட்டும் இருப்பீர்கள். போட்டுக்கொண்டு ஒரு பிரஸ்ஸைப் பார்த்தால் அதன் நம்பர், சூடு, எண்ணெய் அழுத்தம், கடைசியாக வந்த கோளாறு எல்லாம் அதன் பக்கத்தில் அந்தரத்தில் வந்து நிற்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு கிள்ளு கிள்ளினால் பொத்தானை அழுத்திய கணக்கு. பிரஸ்ஸைப் பூட்டினால் அதைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் தெரியும். பார்க்கிற மெஷின் பேச்சைக் கேட்கும், அவ்வளவுதான். கையேடு வேண்டாம், பயிற்சி வேண்டாம், மின்பெட்டியைத் தேடிக்கொண்டு ஓட வேண்டாம். நானும் அதை ரசித்தேன். பின்னால் நடந்ததை வைத்துக்கொண்டு அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்ள எனக்குப் பிடிக்காது. பெரிய பழுதுகளுக்குப் பழைய பூட்டு இருந்தே ஆக வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். சிக்கிக்கொண்ட தகட்டை எடுப்பது போன்ற சில்லறை வேலைகளுக்குக் கண்ணாடிப் பூட்டே போதும் என்று முடிவானது.

ஆரம்பத்தில் கண்ணாடி அடிக்கடி தடுமாறியது. ஒவ்வொரு பிரஸ்ஸின் முன்பக்கத்திலும் கண் உயரத்துக்கு ஒரு சதுரத் தகடு ஒட்டியிருந்தோம். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட தகடு. அதைப் படித்துத்தான் எந்த பிரஸ் என்று கண்ணாடி தெரிந்துகொள்ளும். எண்ணெய்ப் புகை படிந்து தகடு மங்கிவிட்டால் "அடையாளம் தெரியவில்லை" என்று எழுத்து வரும். பிரஸ் ஷாப்பில் எண்ணெய்ப் புகைக்கா பஞ்சம்? ஷிஃப்டு முழுக்க இதே எழுத்து. ஆட்கள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் எறிய ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஆலைத் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். அவருக்கே பொறுக்கவில்லை.

"ஏனுங்க, ஒவ்வொரு தடவையும் தெரியல தெரியலன்னே சொல்லுதுங்களே, இதைக் கட்டிக்கிட்டு நாங்க என்ன பண்றது?" என்று கூட்டத்தில் கேட்டார்.

கண்ணாடி செய்து தரும் நிறுவனம் நிவேதா என்ற பெண்ணை எங்கள் ஆலையிலேயே உட்கார வைத்திருந்தது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், காட்டுப்பாக்கத்தில் தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். கெட்டிக்காரி, கடும் உழைப்பாளி. அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து, இனிமேல் தகட்டைப் படிக்க முடியாவிட்டால் மெஷின் தோராயமாக நிற்கும் இடத்தையும் அதன் தோற்றத்தையும் வைத்து எதற்கு மிகவும் பொருந்துகிறதோ அந்த நம்பரைக் கண்ணாடி எடுத்துக்கொள்ளும் என்றாள். பெயின்ட் உரிந்த இடம், நசுங்கிய மூலை, எண்ணெய்க் கறை, ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் என்று ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு முகம் இருக்கிறதாம், அது போதுமாம். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அன்றிலிருந்து கண்ணாடி தெரியவில்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டது. புகாரும் நின்றது. புகார் நின்றுவிட்டால் கோளாறும் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது நம் தொழிலில் ஊறிப்போன வியாதி.

ஆயுத பூஜை வந்தது. உங்களில் வேறு ஊர்களிலிருந்து வந்திருப்பவர்கள் எஸ்டேட்டில் ஆயுத பூஜையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வருடம் முழுவதும் அழுக்கிலேயே கிடக்கிற மெஷின்களை அன்றைக்குக் குளிப்பாட்டிக் கல்யாணப் பெண் மாதிரி நிறுத்துவார்கள். கழுவி, துடைத்து, புதுப் பச்சை பெயின்ட் அடித்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, திருநீறு, சந்தனம், குங்குமம். பெயின்ட் வேலை எப்போதும் ஜாஃபருடையது. பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர், பூந்தமல்லிக்காரர். சொட்டு வழியாமல் பெயின்ட் அடிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது என்று எல்லோரும் அவர் தலையில் கட்டிவிடுவார்கள். அவரும் வருடா வருடம் அலுத்துக்கொண்டே, யாரையும் பிரஷ்ஷைத் தொட விடாமல், தானே செய்து முடிப்பார். பொரி, கடலை, சுண்டல் பொட்டலத்தில் பெயின்ட்டருக்கு இரட்டைப் பங்கு வேண்டும் என்று சண்டையும் போடுவார்.

பொட்டு வைக்க ஆட்கள் வரிசையாகப் போனார்கள். மெஷினுக்கு நெற்றி எது? முன்பக்கத்தில், கண் உயரத்தில், நடுவில் பளிச்சென்று தெரிகிற இடம். அங்கேதான் அந்தச் சதுரத் தகடு இருந்தது. சொல்லி வைத்தாற்போல ஒவ்வொருவரும் தகட்டின் மேலேயே சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமத்தை வைத்தார்கள். நிவேதாவும் ஒரு பிரஸ்ஸுக்கு வைத்தாள். அவளே ஒட்டிய தகடு, அவளே வைத்த பொட்டு. அவளுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் கற்பூரத் தட்டோடு நின்ற எனக்கும் தோன்றவில்லை. கண்ணெதிரே நடக்கிற விஷயம் பூஜையாக இருக்கும்போது அதை யார் ஆபத்து என்று பார்க்கிறார்கள்?

விடுமுறை முடிந்து ஆலை திறந்தது. பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், அது தானாக உதிர வேண்டும். ஆக, எல்லாத் தகட்டின் மேலும் காய்ந்த சந்தனம். கறை இல்லை, உரிசல் இல்லை, ஸ்டிக்கர்கூட இல்லை. ஜாஃபர் அடித்த புதுப் பச்சையில் எல்லா மெஷினுக்கும் ஒரே முகம்.

காலை ஷிஃப்டில் ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்குள் உதிரிபாகத் தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. ஜாஃபரைக் கூப்பிட்டார்கள். அவர் ஏழின் முன்னால் நின்று, பார்த்து, பூட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருந்த மெஷினைச் சுற்றிச் சிவப்பு வளையம் வந்தது. பக்கவாட்டுத் திறப்பு வழியாக வலது கையை விட்டார்.

"எவன்யா அது? ஓடிகினு இருந்த மிஷினை நிறுத்துனது எவன்யா?" என்று ஆறாம் நம்பரில் இருந்தவர் கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் ஜாஃபர் சிக்கிய தகட்டை இழுத்துவிட்டார். அடைப்பு நீங்கியதும் ஏழாம் நம்பர் தன் வேலையைச் செய்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அதற்கு மேல் அதை விவரிக்க மாட்டேன்.

நான் ஓடி வந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வலியை விடப் பெரிய குழப்பம் அவர் முகத்தில் இருந்தது.

"பூட்டுனேன் மேடம். செவப்பு வந்துச்சு மேடம். பாத்துகினேதான் கைய வுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டி கிளம்பும் வரைக்கும் அதையேதான் சொன்னார்.

அவருடைய கண்ணாடி தரையில் கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு ஏழின் முன்னால் நின்றேன். என் முன்னால் நிற்கும் மெஷினின் மேல் "6" என்று பச்சை எழுத்தில் மிதந்தது. கிள்ளினேன். ஏழைச் சுற்றிச் சிவப்பு வளையம் வந்தது. கண்ணாடியின் ஓரத்தில் ஆறு பூட்டப்பட்டது என்று செய்தி வந்தது. சிவப்பு வளையம் வந்த பிறகு அந்த நம்பரை யார் படிப்பார்கள்? கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் வந்து நின்ற நிவேதாவிடம் கொடுத்தேன். அவள் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தகட்டின் மேல் இருந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு நிதானம் கிடைக்கவில்லை. கொட்டகை முழுக்க ஆட்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்கள். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையை மெஷினுக்குள் விட்டு எதையோ குடைந்துகொண்டிருந்தார்கள். இயந்திரச் சத்தத்தில் முன்வரிசையில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய மெஷினும் எந்த மெஷினாக மாறியிருக்கிறதோ யாருக்குத் தெரியும்? அறிவிப்பு மைக்கைப் பிடுங்கினேன்.

"எல்லாரும் கைய வெளிய எடுங்க! சிவப்பு பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்துங்க! தகட்டு மேல இருக்கிற சந்தனத்தை உடனே துடைங்க!"

மெஷின்களை நிறுத்தினார்கள். துடைக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. பூஜைப் பொட்டாயிற்றே. நானே ஏழாம் நம்பர் தகட்டைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தேன். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் கழிவுத் துணியை எடுத்தார்கள். கண்ணாடியை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஏழு, ஏழு என்று சமர்த்தாகச் சொன்னது.

சாயங்காலம் ஆலைத் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "நீங்க ஏனுங்க அழிச்சீங்க? நிறுத்தச் சொன்னதே போதுமே. அப்படியே வெச்சிருந்தா வந்து பாக்கறவங்களுக்குக் காட்டியிருக்கலாமே."

அவர் சொன்னது சரிதான். ஏழாம் நம்பர் தகட்டின் மேல் அந்தச் சந்தனம் இருந்திருந்தால் ஜாஃபர் சொன்னது உண்மை என்று யார் வேண்டுமானாலும் நின்று பார்த்திருக்கலாம். ஆனால் நிறுத்திய மெஷினை அடுத்த நிமிஷமே ஓட்டிவிடுகிற ஆட்களை நான் நிறையப் பார்த்தவள். அந்தத் தகடு அப்படியே இருந்திருந்தால் இன்னொருவர் அதை நம்பிக் கை விட்டிருக்கலாம். இன்றைக்கு அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் துடைக்கத்தான் சொல்வேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, ஜாஃபர் கொடுத்தார். சரியான முடிவு எடுத்தால் நல்லது நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர்: ஆலைத் தலைவர், கண்ணாடி நிறுவனத்தின் சார்பில் ஓர் அதிகாரி, நான். ஜாஃபர் அன்றைக்கு ஏழாம் நம்பரைப் பார்த்துப் பூட்டினாரா, கவனமில்லாமல் பக்கத்து ஆறாம் நம்பரைப் பார்த்துப் பூட்டினாரா என்பதுதான் ஒரே கேள்வி. கண்ணாடி தான் எடுத்த முடிவைப் பதிந்து வைத்திருந்தது: ஆறாம் நம்பர் பூட்டப்பட்டது. எந்த மெஷினைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது என்ற படம் இல்லை. வேலை செய்பவர்களைப் படம் பிடித்துச் சேர்த்து வைக்கக் கூடாது என்று தொழிற்சங்கம் கேட்டு வாங்கிய விதி அது. நல்ல விதிதான், நானும் அதற்கு ஆதரவாகப் பேசியிருக்கிறேன்.

"அப்படின்னா மறுபடி சந்தனம் வைத்துப் பார்ப்போம்" என்றேன்.

கண்ணாடி நிறுவன அதிகாரி மடிக்கணினியை மூடிவிட்டுச் சிரித்தார். "மேடம், விபத்து நடந்த வாரமே மென்பொருளை மாற்றிட்டோம். இப்போ தகடு படிக்க முடியலைன்னா தெரியலைன்னு சொல்லிடும். பழைய மென்பொருளை மறுபடி ஏற்றினா ஆபத்து இல்லையா? பாதுகாப்பு அதிகாரி நீங்களே அதைக் கேட்கலாமா?"

என் வாயை என் பதவியாலேயே அடைத்தார். ஷாப்புக்கு வெளியே தனியாக ஒரு பிரஸ்ஸை வைத்தாவது பார்க்கலாம் என்று மன்றாடினேன். அவ்வளவு பெரிய மெஷினை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

ஜாஃபர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயின்ட் அடித்தது நீங்கள்தானே, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று அவரையே கேட்டார்கள்.

"பெயின்ட்டு நான்தான் சார் அடிச்சேன்" என்றார். "ஆனா எது ஏழு, எது ஆறுன்னு எனக்கு பெயின்ட்ட பாத்தா தெரியணும்? தெனைக்கும் நிக்குற எடம் சார். நான் ஏழுக்கு முன்னாடிதான் நின்னுகினு இருந்தேன்."

கடைசியில் நிவேதாவைக் கூப்பிட்டார்கள். கூப்பிடுவதற்கு முன்பே அவளுடைய நிறுவனம் அவளிடம் பேசியிருந்தது என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"நீயும் நானும் பார்த்தோமே, நிவேதா. ஏழுக்கு முன்னாடி நின்னு ஆறுன்னு காட்டுச்சே" என்றேன்.

"நாம பாத்தப்போ அப்படித்தான் காட்டுச்சு மேடம்" என்று மென்று விழுங்கினாள். "ஆனா அவர் பாத்தப்போ என்ன காட்டுச்சுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. நிக்கிற கோணம், வெளிச்சம், எல்லாம் வேறயா இருந்திருக்கலாம்."

அது பொய் இல்லை. உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்னாள். அந்தக் கண்ணாடிக்கு அவள் கற்றுக்கொடுக்காத நேர்மை அது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அது ஒரு மனிதனுக்கு எதிராகப் பயன்பட்டது. நான் அவளை அடித்துவிடுவேனோ என்று பயந்து மேஜைக்குக் கீழே கைகளைக் கோத்துக்கொண்டேன். இன்னமும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

இரண்டுக்கு ஒன்று என்று முடிவானது. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "பணியாளர் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். என் மறுப்பைத் தனித் தாளில் எழுதிக் கடைசியில் சேர்த்தேன். கடைசித் தாளை யார் படிக்கிறார்கள்? அடுத்த பூஜைக்கு முன்னால் சுற்றறிக்கை ஒன்று வந்தது: தகடுகளின் மேல் சந்தனம், குங்குமம் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் கற்றுக்கொண்டது.

ஆலை ஜாஃபரைக் கைவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சிகிச்சை பார்த்தார்கள், வேலையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் கவனக்குறைவு என்று பதிவானவர் பராமரிப்புப் பிரிவுக்குத் திரும்ப முடியாது. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் கண்ணாடிகளை வைத்திருக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். ஷிஃப்டு தொடங்கும்போது எடுத்துக் கொடுத்து, முடியும்போது வாங்கித் துடைத்து வைக்கிற வேலை. ஒருநாள் மதியம் என் அறைக்கு வந்து கதவோரம் நின்றார்.

"உட்காருங்க ஜாஃபர்" என்றேன். உட்காரவில்லை.

"எனக்கு வேற இன்னா மேடம் வேணும்? சோறு துண்றேன், சம்பளம் வருது. அந்த வார்த்தைய மட்டும் எடுத்துட சொல்லுங்க. ஊட்ல பொண்ணு கேக்குது மேடம், அத்தா, நீ தப்பு மிஷின பாத்துட்டியான்னு. சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? ஆனா அது கேட்டதுலேர்ந்து எனக்கே டவுட்டா கீது. ஒருவேள நான்தான் பாத்துட்டேனான்னு."

இதைவிடக் கொடுமையான பேச்சை என் வேலைக்காலத்தில் நான் கேட்டதில்லை. விரல்கள் போனதைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது. தன் கண்ணால் பார்த்ததையே அந்த மனிதர் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். நீங்கள் தவறே செய்யவில்லை, நான் பார்த்தேன் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். நான் சொல்வது பரிதாபத்தில் என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அறிக்கையைத் திறக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன், நேரில் போனேன், மறுபடி எழுதினேன். முடிந்துபோன விஷயம் என்றார்கள். கடைசியாக ஆலைத் தலைவர் என் தொல்லை தாங்காமல் ஒரு வழி சொன்னார். பராமரிப்புப் பிரிவில் சேர புது ஆட்களுக்கு வைக்கும் தேர்வை ஜாஃபர் எழுதித் தேறிவிட்டால் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பழைய பதிவும் அவர் கோப்பிலிருந்து நீங்கிவிடும். ஓய்வு பெறுவதற்கு முன்னால் இதையாவது செய்துவிடலாம் என்று எனக்கு உயிர் வந்தது. ஜாஃபர் ஒரு வாரம் படித்தார். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். இடது கையால் ஸ்பேனர் பிடித்து ஒரு வால்வைக் கழற்றி மாட்டிக் காட்டினார். மிச்சம் இருந்தது கண்ணாடிச் சோதனை மட்டும்.

அதை நடத்த நிவேதா வந்தாள். இப்போது அவள் அங்கே ஒரு குழுவுக்குத் தலைவி. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள், நான் தலையை மட்டும் அசைத்தேன். ஜாஃபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் படி, இரண்டு கைகளையும் கண்ணாடிக்கு முன்னால் தூக்கிக் காட்டிப் பதிவு செய்வது. அவர் பார்ப்பது பக்கத்தில் இருந்த திரையில் எங்களுக்கும் தெரிந்தது. இடது கையைச் சுற்றி உடனே ஒரு பச்சைக் கோடு வந்தது. வலது கைக்கு வரவில்லை.

"கை தெரியவில்லை" என்று எழுத்து வந்தது. "வலது கையைக் காட்டவும்."

அவர் இன்னும் கொஞ்சம் தூக்கினார். திருப்பிக் காட்டினார். பக்கத்தில் கொண்டு வந்தார். கை தெரியவில்லை, வலது கையைக் காட்டவும். ஒரு வேலைக்காரர் தன் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பொருளின் முன்னால் நிற்கிறார், அது அங்கே கையே இல்லை என்கிறது. எனக்கு அங்கேயே கத்தி அழ வேண்டும்போல் இருந்தது.

நிவேதா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "என்னால ஒரு செட்டிங்கை மாத்த முடியும் அண்ணே. கை மாதிரி எது இருந்தாலும் கைதான்னு எடுத்துக்கச் சொல்லிடலாம். தேறிடுவீங்க."

"அப்பால?" என்றார் ஜாஃபர்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் மிஷினுக்கு முன்னாடி நின்னுகினு மூக்க சொறிஞ்சாக்கூட கிள்ளுனேன்னு எடுத்துக்கும், அதானேம்மா?" கண்ணாடியைக் கழற்றினார். "வேணாம்மா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். இப்பவாச்சும் சொல்லுதே."

கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் வைத்து அவளிடமே கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அடுத்த ஷிஃப்டுக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுக்க நேரமாகிவிட்டதாம். நிவேதா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை.

சோதனையின் முடிவைத் "தேறவில்லை" என்று பதிந்தார்கள். கண்ணாடி சொன்னதைத்தானே பதிய முடியும்? ஆக, கவனக்குறைவு என்ற வார்த்தையும் அவர் கோப்பிலேயே இருக்கிறது. எனக்கு ஓய்வு வந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், இப்போது கோவில்பதாகை வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிர் வீட்டில் புதிதாகக் கண்ணாடி வாங்கி மின்விசிறியைப் பார்த்துக் கிள்ளி விளையாடுகிறார்கள். நன்றாகத்தான் வேலை செய்கிறது.

உங்களிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்து எதிர்பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் செய்கிற பொருளுக்குத் தெரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள், அப்படிச் சொன்னால் கோபப்படாத மேலதிகாரியாக இருங்கள் என்று எழுதலாம். எழுதியும் இருக்கிறேன், பலமுறை. மேலே போய் நின்றுவிடும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், இது உங்களால் முடியும். திங்கட்கிழமை காலை நுழைவாயில் அறையில் ஒருவர் உங்களுக்கு இடது கையால் கண்ணாடி எடுத்துத் தருவார். வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடாதீர்கள். அண்ணே, அன்னிக்கு நீங்க சரியான மெஷினைத்தான் பாத்தீங்க என்று சொல்லுங்கள். நான் ஒருத்தி சொன்னால் அவர் நம்ப மாட்டேன் என்கிறார்.